எந்த வயலை அறுத்தீங்க?

தை மாதம் சம்பா முற்றியதும் டெல்டா ஊர்களுக்கு ஒரு கயிறும் நான்கு முளைக்குச்சிகளும் ஒரு தராசும் வந்து சேரும். பயிர்க் காப்பீட்டுக்கான சோதனை அறுவடை. எந்தச் சர்வே எண், வயலில் எந்த இடம் என்பதெல்லாம் குலுக்கல் எண்ணில் முன்பே முடிவாகியிருக்கும். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் போட்டு, அதற்குள் நிற்கிற கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். அந்த எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கான விளைச்சல். தராசில் அரை கிலோ முன்பின் ஆனால் கணக்கில் 200 கிலோ முன்பின் ஆகும். ஊருக்கே இழப்பீடு உண்டா இல்லையா என்பது சில வருஷங்களில் அந்த அரை கிலோவில் தொங்கும். இதை வைத்துப் பெரிய பெரிய மறியல்கள் நடந்திருக்கின்றன.

சோதனை அறுவடை முடிந்த சேதி ஊருக்குள் வந்ததும் கண்டுமுதல் எவ்வளவு என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "எந்த வயல அறுத்தாங்க?" என்றுதான் கேட்பார்கள். வாய்க்கால் தலைப்பில் இருக்கிற வயலா, கடைமடையா? மழையில் சாய்ந்த வயலா, மேட்டு வயலா? அந்த விவரம் தெரிந்த பிறகுதான் எண்ணைக் காதில் வாங்குவார்கள்.

பாபநாசம் பக்கத்தில் ஏழு மா நிலம் வைத்திருக்கும் என் சித்தப்பா இந்தக் கேள்வியை ஒருமுறை நெல்லுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் கேட்டார். 2020 ஜூலை. மேட்டூர் அணையை அந்த ஆண்டு ஜூன் 12 அன்றே திறந்துவிட்டார்கள். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. கொரோனாவால் பெங்களூரிலிருந்து வந்து மாமனார் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, ஆபீஸ் வேலைக்கு நடுவில் பங்குச்சந்தையையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார். ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"மாமா, நம்ம பயோகான் கம்பெனி மருந்துக்கு கவர்ன்மென்ட் பெர்மிஷன் குடுத்தாச்சு. கொரோனாவுக்கு. மொத்தம் முப்பது பேஷன்ட். மருந்து போட்ட இருபது பேரும் பொழைச்சிட்டாங்க. போடாத பத்துல மூணு பேர் போயிட்டாங்க. ஷேர் இப்பவே வாங்கிப் போட்டா..."

சித்தப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். "அது சரிங்க மாப்ள. எந்த வயல அறுத்தாங்க?"

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. எனக்கும் அன்று அது வேடிக்கையாகத்தான் இருந்தது. வருஷக்கணக்கில் மருந்துச் செய்திகளைப் படித்த பிறகு சொல்கிறேன், அதைவிடச் சரியான கேள்வியை நான் எந்தப் பங்குச்சந்தை நிபுணரிடமும் கேட்டதில்லை.

மருந்தின் பெயர் இடோலிசுமாப். 1978-இல் கிரண் மஜும்தார் ஷா தொடங்கிய பயோகான், கியூபாவின் மூலக்கூறு நோய்எதிர்ப்பு மையத்தோடு சேர்ந்து உருவாக்கியது. சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு 2013 முதலே இந்தியாவில் விற்பனையில் இருந்தது. கொரோனாவில் மூச்சுத்திணறி, நோய்எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தின்னும் கட்டத்தில் அதைப் பயன்படுத்தலாம் என்று 2020 ஜூலை 11 அன்று மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவசரகால அனுமதி கொடுத்தார். ஒரு குப்பி ஏறத்தாழ 8,000 ரூபாய். பெரும்பாலானவர்களுக்கு நான்கு குப்பி, 32,000 ரூபாய். மும்பையிலும் டெல்லியிலும் நடந்த சிறு ஆய்வுதான் ஆதாரம். ஆயிரக்கணக்கானோரை வைத்துச் செய்யும் மூன்றாம் கட்ட ஆய்வு வேண்டாம், விற்பனைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை சொன்ன எண்ணைத் திண்ணையிலேயே சோதித்துப் பார்க்கலாம். முப்பது நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று கருக்காய். நன்றாகக் குலுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு பத்து நெல்லை எடுத்தால், மூன்று கருக்காயும் அந்தப் பத்துக்குள்ளேயே வந்து விழுவதற்கு 34-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மருந்து ஒன்றுமே செய்யாத வெறும் தண்ணீராக இருந்தாலும், 34 தடவை ஆய்வு செய்தால் ஒரு தடவை இதே முடிவு தானாக வரும். 34-இல் ஒன்று என்பது அரிதுதான். எனவே எண் பொய்யில்லை. ஆனால் மருந்து போட்ட இருபது பேரில் ஒரே ஒருவர் இறந்திருந்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 34 என்பது பத்தரையாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு மனிதரின் மூச்சில் நிற்கிற ஆதாரம் அது.

இனி வயலுக்கு வருவோம். ஆய்வு முடிவு 2021-இல் மருத்துவ இதழில் வெளிவந்தபோது அதன் சுருக்கத்திலேயே இரண்டு விவரங்கள் இருந்தன. முதல் ஐந்து பேருக்குக் குலுக்கல் இல்லாமலே மருந்து கொடுத்திருக்கிறார்கள். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க. அது நியாயமான எச்சரிக்கை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐவரும் இருபதுக்குள் சேர்ந்துவிட்டார்கள். ஆக, குலுக்கிப் போட்டுப் பிரித்த ஒப்பீடு 15-க்கு 10. இரண்டாவது: மருந்துப் பிரிவில் இருவருக்கு முதல் மருந்து முழுதாக ஏறுவதற்கு முன்பே நிறுத்த வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பதில் வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். நட்ட நாற்று பட்டுப்போன இடத்தில் புது நாற்றை ஊன்றிவிட்டு, கண்டுமுதல் எடுக்கும்போது பட்டுப்போனதைச் சொல்லாமல் இருந்தால் ஊரில் சும்மா விடுவார்களா? இங்கே சொல்லியிருந்தார்கள். படிப்பதற்குத்தான் ஆள் இல்லை. இதுபோக, யாருக்கு மருந்து யாருக்கு இல்லை என்பது டாக்டர்களுக்கும் நோயாளிகளுக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியச் செயற்குழு இந்த மருந்தை கொரோனா சிகிச்சை நெறிமுறையில் சேர்க்க மறுத்தது. ஒரு அரசு அமைப்பு அனுமதி தருகிறது. இன்னொன்று ஆதாரம் போதாது என்கிறது. பங்கு வாங்கியவர்கள் முதல் அமைப்பை மேற்கோள் காட்டினார்கள், விற்றவர்கள் இரண்டாவதை. ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் படித்தவர்கள் இரு பக்கமும் குறைவு. அதே மூலக்கூறை பயோகானிடமிருந்து உரிமம் பெற்று, எலும்பு மஜ்ஜை மாற்றிய நோயாளிகளுக்கு வரும் ஒரு கடுமையான சிக்கலுக்காக மூன்றாம் கட்டம் வரை கொண்டுபோன அமெரிக்காவின் எக்விலியம் நிறுவனம், முதன்மை இலக்கை ஆய்வு எட்டவில்லை என்று 2025 மார்ச்சில் அறிவித்தது. வேறு நோய், வேறு கேள்வி. கொரோனா கணக்கை அதை வைத்துத் தீர்க்க முடியாது. ஆனால் சிறு ஆய்விலிருந்து பெரிய ஆய்வுக்குப் போகும் வழியில் எத்தனை மருந்து தடுக்கி விழுகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

பெங்களூரும் அமெரிக்காவும் எதற்கு? இதே கதை நம் வரப்பிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது.

குறுவை அறுத்த பிறகு ஈரம் காயாத வரப்பில் நடந்து பாருங்கள். கணுக்கால் உயரத்துக்கு, புளிய இலை மாதிரிப் பொடிப்பொடி இலைகளோடு ஒரு செடி. ஒரு கிளையைத் திருப்பிப் பிடித்தால் இலைகளுக்குக் கீழே கடுகைவிடச் சற்றே பெரிய பச்சை மணிகள் வரிசையாகத் தொங்கும். கீழாநெல்லி. எனக்கு ஏழு வயதில் காமாலை வந்தபோது பாட்டி இதை வேரோடு பிடுங்கி, அலசி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தாள். கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. உப்பில்லை, புளியில்லை, எண்ணெய் இல்லை. மூன்று வாரத்தில் கண் வெளுத்தது. பாட்டி அதன் பிறகு தெருவுக்கே வைத்தியச்சி ஆனாள்.

குழந்தைகளுக்கு வரும் காமாலையில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ; தண்ணீரில் பரவுவது. ஓய்வும் லேசான சாப்பாடும் கிடைத்தால் தானாகவே சில வாரங்களில் போய்விடும். நான் கீழாநெல்லி குடிக்காமல் இருந்திருந்தாலும் பெரும்பாலும் பிழைத்திருப்பேன் என்பதை ரொம்ப நாள் கழித்துத் தெரிந்துகொண்டபோது பாட்டிக்குத் துரோகம் செய்வது போல இருந்தது. ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு வைரஸ் உடம்பிலேயே தங்கிவிடும். முப்பது நாற்பது வருஷம் சத்தமில்லாமல் இருந்து, கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளியே வரும். அப்படி வைரஸைச் சுமப்பவர்களின் ரத்தத்திலிருந்து அதன் மேலுறைப் புரதம் தானாக மறைவது வருஷத்துக்கு நூறில் ஒருவருக்கு நடந்தாலே அதிகம்.

இந்தப் பின்னணியில் அடுத்த எண்ணைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வாளராக இருந்த எஸ்.பி. தியாகராஜன் (பிற்பாடு அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்) குழுவினர், கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் சோதனைக் குழாயில் அந்த மேலுறைப் புரதத்தைச் செயலிழக்கச் செய்வதாக 1982-இல் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிக்க வழிசெய்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் இருந்தார். அவரும் கைகோத்தார். 1988 அக்டோபர் 1 தேதியிட்ட லான்செட் இதழில் முடிவு வந்தது. காய்ந்த செடித் தூளை 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தப் புரதம் ரத்தத்தில் இல்லை. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே இல்லை. 59 சதவீதமும் 4 சதவீதமும்! ஒன்பது மாதம் வரை தொடர்ந்து பார்த்தவர்களில் யாருக்கும் அது திரும்ப வரவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

இங்கே நெல்லைக் குலுக்கிப் பார்க்க வேண்டியதே இல்லை. இவ்வளவு பெரிய வித்தியாசம் அதிர்ஷ்டத்தில் வராது. ஆட்கள் குறைவு என்ற ஒரே ஆயுதத்தை வைத்துக்கொண்டு மருந்து ஆய்வுகளை எடைபோடுகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோவார்கள். அதிர்ஷ்டம் இல்லையென்றால் இரண்டே வழி: மருந்து நிஜமாகவே வேலை செய்திருக்க வேண்டும், அல்லது இரண்டு வயல்களும் ஒரே மாதிரி வயல்களாக இருந்திருக்கக் கூடாது.

கட்டுரை வருவதற்கு முன்பே காப்புரிமை வேலை நடந்துவிட்டது. ஃபாக்ஸ் சேஸ் மையம் கீழாநெல்லிச் சாற்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை எடுத்தது. தொண்ணூறுகளில் மஞ்சள், வேம்பு வரிசையில் இதையும் சேர்த்து நம் மேடைகளில் முழங்கினார்கள். பாட்டி அம்மியில் அரைத்ததை அமெரிக்காக்காரன் கொண்டுபோய்விட்டான் என்ற கோபம் நியாயமானது. ஆனால் மருந்து யாருடையது என்று சண்டை போட்ட வேகத்தில் பாதியையாவது, அது வேலை செய்கிறதா என்று கேட்பதில் காட்டியிருக்கலாம். மஞ்சள் காப்புரிமை 1997-இல் ரத்தானதைப் பாடப்புத்தகம் வரை கொண்டுபோனோம். கீழாநெல்லி ஆய்வுக்கு அப்புறம் என்ன ஆனது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இதுதான் ஆனது. தாய்லாந்தில் அதே மாதிரி கொடுத்துப் பார்த்தார்கள். புரதம் போகவில்லை. அதுவும் 1990-இல் லான்செட்டிலேயே வந்தது. நியூசிலாந்தில் பார்த்தார்கள். 1994-இல் அங்கேயும் தோல்வி என்றே எழுதினார்கள். 2011-இல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசி, வெறும் மாத்திரையைவிடக் கீழாநெல்லி இனம் ஹெபடைடிஸ் பி-க்கு நல்லது என்று சொல்ல நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று முடித்தது. பல ஆய்வுகளின் தரமே சந்தேகம் என்றும் சேர்த்துக்கொண்டது.

ஆதரவாளர்களிடம் பதில் இருந்தது. எந்த மண்ணில் விளைந்த செடி, எந்தப் பருவத்தில் பறித்தது, எப்படி உலர்த்தியது என்பதெல்லாம் மாறினால் பலன் மாறும் என்றார்கள். அதை நான் தள்ளிவிட மாட்டேன். செடியின் பெயரிலேயே குழப்பம் இருந்தது. 1987-இல் வந்த முந்தைய கட்டுரை செடியை ஃபில்லாந்தஸ் நிரூரி என்றது; லான்செட் கட்டுரை ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்றது. நம் வரப்பிலேயே பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடியாத இரண்டு மூன்று உறவுச் செடிகள் நிற்கின்றன. சந்தையில் கட்டுக்கட்டாக விற்பவரிடம் எது என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் இந்தப் பதில் வாதத்தை வெல்லவில்லை, தள்ளிப்போடுகிறது. வயலுக்கு வயல் மாறுகிற மருந்து என்றால், எந்த வயல் என்று உறுதி செய்து, அதே செடியை வைத்து, வேறொருவர் கையால், இன்னும் பெரிதாகச் செய்து காட்டியிருக்க வேண்டும். முதல் ஆய்வின் 59 சதவீதத்தை யாரும் திரும்ப எட்டவில்லை. மருந்துப் பக்கம் 37 பேர் இருக்க, வெறும் மாத்திரைப் பக்கம் ஏன் 23 பேர் என்ற சின்னக் கேள்வியைக் கூட, பத்திரிகையில் எழுதியவர்களில் அனேகம் பேர் கேட்கவில்லை.

ஆடுதுறையில் 1922 முதல் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு புது ரகம் நிலையத்தின் சொந்த வயலில் கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் வெளியே விடமாட்டார்கள். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் ரகத்தைப் பக்கத்திலேயே நட்டு, பல ஊர்களில், பல பருவங்களில், கடைசியில் விவசாயிகளின் வயலிலேயே போட்டுப் பார்த்த பிறகுதான் ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என்று ஓர் எண் கிடைக்கும். சொந்த வயலில் ஜெயித்து வெளியூர் வயலில் தோற்ற வித்துகளுக்கு எண்ணே கிடையாது. மருந்தில் மூன்றாம் கட்டம் என்பதும் இதுதான்.

இப்படிச் சந்தேகக் கேள்வி கேட்டே பணம் பண்ணப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் கசாவா சயின்சஸ் என்ற நிறுவனம் மறதி நோய்க்கு சிமுஃபிலம் என்ற மாத்திரையைச் சோதித்தது. பங்கு விலை விழும் என்று பந்தயம் கட்டியிருந்த இரு விஞ்ஞானிகளின் சார்பில், ஆய்வகப் படங்களிலேயே தில்லுமுல்லு என்று 2021 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து அமைப்புக்கு மனு போனது. விலை விழுந்தால் அவர்களுக்கு லாபம். ஆகவே அவர்கள் சொல்வதை நம்பாதீர்கள் என்றது எதிர்த்தரப்பு. லாபம் இருப்பது உண்மைதான். ஆனால் படம் சரியா இல்லையா என்பது மனு எழுதியவரின் பையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்லவே. 2024 செப்டம்பரில் அந்த நாட்டுப் பங்குச்சந்தை ஆணையம் சொன்ன குற்றச்சாட்டைக் கேளுங்கள்: இரண்டாம் கட்ட ஆய்வின் ஒரு அலசலில் 40 சதவீத நோயாளிகளின் தரவை எடுத்துவிட்டு, மீதியை வைத்து முன்னேற்றம் காட்டினார்கள் என்பது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான்கு கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து மூன்றாம் கட்ட ஆய்வு தோற்றது. பங்கு ஒரே நாளில் 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. சாய்ந்த வயலையெல்லாம் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து நின்ற வயலை மட்டும் அறுத்தால் யாருக்குத்தான் மகசூல் வராது?

டெல்டாவில் இப்போது நெல் பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. அங்கிருந்து போனில் இரண்டு தட்டுத் தட்டினால் பங்காகிவிடுகிறது. பிள்ளைகள் மருந்துக் கம்பெனி பங்குகளைப் பற்றி டீக்கடையில் பேசுகிறார்கள். தப்பில்லை. மருந்துக் கம்பெனி என்ன சொன்னாலும், எத்தனை பேருக்கு ஆரம்பித்தார்கள், எத்தனை பேரைக் கடைசியில் எண்ணினார்கள், நடுவில் காணாமல் போனவர்கள் எந்தப் பக்கம் என்று மூன்றைக் கேளுங்கள். பெரும்பாலும் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும். மாப்பிள்ளை இப்போது அதைப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. சித்தப்பா எதையும் பார்த்தும் வாங்குவதில்லை, அவருக்கு நகைதான்.

பங்கில் போட்டவர் இழப்பது பணம். கீழாநெல்லியில் நம்பிக்கை போட்டவர் கதை வேறு. வீட்டில் யாருக்காவது காமாலை என்றால், மோரில் கரைத்துக் குடிப்பதைப் பற்றி நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அன்றைக்கே ரத்தத்தில் அந்த மேலுறைப் புரதத்தைத் தேடும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி இருந்து சிகிச்சை தேவை என்றால், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் யார் சொன்னாலும், எந்தப் பத்தியத்துக்காகவும் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வைரஸ் சீறி எழுந்து கல்லீரலே செயலிழக்கலாம். பிரசவத்துக்குப் போகிறவர்கள், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்களா என்று நர்ஸிடம் கேட்டு, அட்டையில் குறித்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.